லோகோ கேட்டு வரும் முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விடுதி, உணவகம், படகுச் சவாரி என்று நடத்துகிற முதலாளிமாருக்கு வணக்கம். திருகோணமலை நகரில் சின்னதாக ஒரு டிசைன் நிலையம் வைத்திருக்கிறோம், உங்களில் பலருக்கு மெனுவும் பெயர்ப் பலகையும் செய்து தந்தவர்கள், அந்த உரிமையில் எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம்.

முதலில், முடிவெடுக்கிற ஆள் யாரென்று சொல்லிவிடுங்கள். நீங்கள் பார்த்து "நல்லா இருக்கு தம்பி, அச்சடிக்கக் குடுங்கோ" என்கிறீர்கள். ஃபைல் அச்சகத்துக்குப் போகிற நேரம் பார்த்து டொரொண்டோவில் இருக்கிற பங்காளி அண்ணர் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போடுகிறார், நீலம் வேண்டாமாம். லண்டனில் இருக்கிற மருமகனுக்கோ நீலம்தான் வேண்டுமாம். காசு போட்டவர்கள் கருத்துச் சொல்லத்தான் செய்வார்கள், அதில் பிழையில்லை. ஆனால் முதல் மாதிரி வரும்போதே அவர்களைக் கேட்டு, ஒத்துவராததை உங்களுக்குள் பேசித் தீர்த்து, ஒரே பதிலாக அனுப்புங்கள். குடும்ப வழக்குக்கு நாங்கள் நீதவான் இல்லையே.

அடுத்தது, திருத்தத்தைச் சொல்லாமல் குறையைச் சொல்லுங்கள். "விலையைச் சிவப்பில் போடு" என்றால் போட்டுவிடுவோம், அவ்வளவுதான். "இரவில் மேசை விளக்கு வெளிச்சத்தில் வயதான வெள்ளைக்காரர்கள் விலையை வாசிக்க முடியாமல் போனைத் தூக்கி டோர்ச் அடிக்கிறார்கள்" என்று சொன்னால், எழுத்தின் அளவு, தாளின் பளபளப்பு, பின்னணி நிறம் என்று எது காரணமென்று நாங்கள் தேடிப் பிடிப்போம். சிவப்பு அந்த வெளிச்சத்தில் இன்னும் மோசம், அதையும் சொல்லிவைக்கிறேன்.

அடுத்தது, படமும் வாசகமும் எங்களுக்குத் தருகிற விஷயம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கித்தான் வரும், பெரிய பேனருக்கு உதவாது. டொகியுமென்டாக அனுப்புங்கள். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த வாசகத்தை அப்படியே ஒட்டினால் எங்கள் பக்கம் ஆங்கில எழுத்துக் குப்பையாக நிற்கும், யூனிகோட்டில் தாருங்கள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றையும் வாசிக்கத் தெரிந்த ஒருவர் அச்சுக்கு முன் பார்த்து ஓம் சொல்லட்டும். போனில் மின்னுகிற அந்தப் பச்சை தாளில் அப்படியே வராது, திரை வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது. ஆகவே ஒரு பிரதி அடித்துப் பார்த்துவிட்டே மிச்சத்துக்குச் சம்மதியுங்கள்.

காசைப் பற்றிப் பேச எனக்கும் கூச்சம்தான். பாதி முற்பணம், எத்தனை திருத்தம், அதற்கு மேல் எவ்வளவு என்று தொடங்கும்போதே எழுதிக்கொள்வோம். மூன்று இடத்தில் மாதிரி வாங்கி, பிடித்ததற்கு மட்டும் காசு என்கிற கதை வேண்டாமே.

அப்புறம் ஒன்று, சீசன் தொடங்கிய பிறகு மே மாதத்தில் ஓடி வராதீர்கள். மார்கழி, தை மழையில் உங்களுக்கும் அறைகள் காலி, எங்களுக்கும் நேரம் இருக்கும், அப்போது பேசுவோம். படம் எடுக்கிற வேலையை மட்டும் அதற்கு முந்தியே, ஆவணியில் கடல் தெளிவாக இருந்து புறாத்தீவுக்குப் படகு ஓடுகிற நாட்களில் முடித்துவிட வேண்டும்.