வெங்கச்சங்கல்லின் முனை

காவேரிப்பட்டணம்,
ஞாயிறு மதியம்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

போனில் சொன்னால் புரியாது, படம் போட்டுக் காட்ட வேண்டிய விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

தாத்தா தோட்டத்துக் கிணற்றை ஆழப்படுத்தியபோது கிடைத்த வெங்கச்சங்கல்லை நீ எடுத்து வைத்தாயே, விரல் நீளத்தில், கண்ணாடி மாதிரி? அலமாரியைத் துடைக்கும்போது அகப்பட்டது. அன்று நீ பக்கங்களை எண்ணி "ஆறும்மா" என்றாய். "அப்படின்னா அறுகோணப் படிகம்" என்றேன். டீச்சர் அம்மா சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பிவிட்டாய். நான் சொன்னது தப்பு கண்ணு. வெங்கச்சங்கல்தான் குவார்ட்ஸ். அது முக்கோணப் படிகத் தொகுதியைச் சேர்ந்தது, அதாவது ஒரு முழுச் சுற்றில் மூன்று தடவைதான் பழையபடி பொருந்தும்.

ஜன்னல் வெளிச்சத்தில் முனை என் பக்கம் இருக்கும்படி பிடித்துப் பார்த்தேன். முனையில் கூடும் ஆறு முகங்களும் ஒரே அளவு இல்லை. ஒன்று பெரிசு, அடுத்தது சிறிசு, மறுபடி பெரிசு. கல்லை 60 டிகிரி திருப்பினால் பெரிசு இருந்த இடத்துக்குச் சிறிசு வருகிறது. 120 டிகிரி திருப்பினால்தான் பழையபடி பொருந்துகிறது. இத்தனை வருஷம் கையிலிருந்தும் நான் இதைப் பார்க்கவே இல்லை.

பொங்கலுக்கு ஊடுபுள்ளி வைத்து ஆறிதழ்ப் பூ போடுவோமே, அதை நினைத்துக்கொள். வெறும் மாவில் போட்டால் ஒரு முழுச் சுற்றில் ஆறு தடவை பொருந்தும். ஒன்றுவிட்டு ஒரு இதழுக்குச் செம்மண் பூசிவிட்டால் மூன்று தடவைதான். ஆனால் கோலத்தைக் கண்ணாடியில் காட்டினாலும் அதே கோலம்தான். குவார்ட்ஸ் அப்படி இல்லை. உள்ளே சிலிக்கானும் ஆக்ஸிஜனும் மாடிப்படி போலச் சுற்றி ஏறுகின்றன, மூன்று படிக்கு ஒரு சுற்று. சில கல்லில் இடப்பக்கச் சுற்று, சிலதில் வலப்பக்கம். ஒன்றின் கண்ணாடிப் பிம்பம்தான் மற்றது. இரண்டு செருப்பு மாதிரி, எப்படித் திருப்பினாலும் ஒன்று மற்றதாகாது.

573 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாக்கினால் உள்ளடுக்கு லேசாகத் திரும்பி நிஜமாகவே அறுகோணமாகிவிடும். சூடு ஆறினால் மறுபடி முக்கோணம்.

சமச்சீர், அதாவது இப்படித் திருப்பினாலும் கண்ணாடியில் காட்டினாலும் மாறாமல் பொருந்துவது, எல்லாம் வெறும் மனப்பாடம் என்று போன வாரம் அலுத்துக்கொண்டாய். அப்பா கட்டியிருப்பது ஓசூரில் செய்த டைட்டன் வாட்ச். அதற்குள் இருக்கும் குவார்ட்ஸ் துண்டு நொடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. இந்தக் கல்லுக்குச் சமச்சீர் மையம் கிடையாது, அதாவது நடுப்புள்ளிக்கு இந்தப் பக்கம் இருப்பது நேர் எதிர்ப்பக்கமும் அப்படியே இருக்காது. அதனால்தான் அழுத்தினால் மின்சாரம் வருகிறது, மின்சாரம் கொடுத்தால் நெளிகிறது. அழுத்தினால் மின்சாரம் வருவதை 1880-இல் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள். சமச்சீர் இல்லாத இடத்தில்தான் வேலையே நடக்கிறது, பார்த்தாயா? அந்தப் பாடத்தை இன்னொரு தடவை படி.

அப்புறம், மாவடு ஊறிவிட்டது. அதோடு கல்லையும் முனை உடையாமல் பஞ்சு சுற்றி அனுப்புகிறேன். இடமா வலமா என்று உங்கள் லேபில் பார்த்துச் சொல்.

அம்மா