வழிவிட வேண்டியது இயந்திரம்தான்

சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கும் நகர மன்றங்களுக்கும் வணக்கம்.

சில வாரங்களுக்கு முன் ஒரு கடைத்தொகுதியில், ஊன்றுகோலுடன் மெல்ல நடந்துகொண்டிருந்த என் தாயாருக்குப் பின்னால் தரை துடைக்கும் ரோபோ ஒன்று வந்து நின்று, வழிவிடும்படி ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னது. தமிழும் சந்தை மலாயும் மட்டுமே அறிந்த அம்மா, யாரோ தம்மைக் கடிந்துகொள்வதாக எண்ணிப் பதறி ஒதுங்கியபோது, ஊன்றுகோல் ஈரத்தரையில் வழுக்கியது. அருகில் நின்ற இளைஞர் தாங்கிப் பிடித்ததால் அவர் விழவில்லை. ரோபோவில் பழுது ஏதும் இல்லை. தனக்கு இட்ட வேலையை அது சரியாகவே செய்தது. அதுதான் என்னை எழுத வைக்கிறது.

எங்கள் பொங்கோல் வட்டாரத்தில் 2021ஆம் ஆண்டில் பொருள் விநியோக ரோபோக்கள் வெள்ளோட்டம் விடப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் தோ பாயோவில் ‘சேவியர்’ என்னும் சுற்றுக்காவல் ரோபோ, தடைசெய்யப்பட்ட இடத்தில் புகைபிடிப்பவர்களையும் முறையின்றி நிறுத்தப்பட்ட சைக்கிள்களையும் மூன்று வாரங்கள் கண்காணித்தது. மக்கள் ஒழுங்காக நடக்கிறார்களா என்று இயந்திரத்தைக் கொண்டு பார்க்கும் நாம், மக்களிடையே அந்த இயந்திரம் எப்படி நடக்க வேண்டும் என்பதையும் அதே கண்டிப்புடன் எழுதிவைக்க வேண்டும். ரோபோக்கள் மின்தூக்கியோடும் தானியங்கிக் கதவுகளோடும் தகவல் பரிமாறிக்கொள்வதற்கு 2021இலேயே டிஆர் 93 என்ற தொழில்நுட்பக் குறிப்பு வந்துவிட்டது. அந்த மின்தூக்கிக்குள் சக்கர நாற்காலியுடன் நுழையக் காத்திருப்பவருக்கு முன்னுரிமை தருவதும் அதே அளவுக்குத் தெளிவான விதியாக வேண்டும்.

நம் அடுக்குமாடிப் புளோக்குகளின் திறந்த, பொதுவான கீழ்த்தளத்தை எண்ணிப் பாருங்கள். இன்று மலாய்த் திருமணம் நடக்கும் இடத்தில் அடுத்த வாரம் ஒரு சீனக் குடும்பம் தம் முதியவரின் உடலை வைத்து இரவெல்லாம் விழித்திருக்கும். அவ்வழியே போகும் நம்மில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. குரல் தாழ்கிறது, சற்றுச் சுற்றிக்கொண்டு போகிறோம். ரோபோவின் வரைபடத்திலோ அது என்றும் வெறும் குறுக்குவழி. நிகழ்ச்சிக்கு அனுமதி வழங்குவது நகர மன்றம் என்பதால், அந்த நேரத்துக்கு அந்தத் தளத்தை ரோபோவின் பாதையிலிருந்து நீக்கச் செய்வதும் உங்களால் முடிந்த காரியமே.

ஆகவே, எந்த ரோபோவுக்கும் அனுமதி தரும்முன் சிலவற்றைக் கட்டாயமாக்க வேண்டுகிறேன். முதியவர், குழந்தை, சக்கர நாற்காலியில் வருபவர் எதிர்ப்பட்டால் ஒதுங்கவேண்டியது ரோபோவே. ஒதுங்க இடமில்லையென்றால் அது பின்வாங்க வேண்டும். பேசுவதானால் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் பேசட்டும். படக்கருவி பதிவு செய்வது யாரிடம் போகிறது என்பதும், பொறுப்பான மனிதர் ஒருவரை உடனே அழைப்பதற்கான எண்ணும் அதன் மேல் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

நடைபாதையில் மின்ஸ்கூட்டர்களை முதலில் ஓடவிட்டு, பலர் அடிபட்ட பின்னரே 2019 நவம்பர் 5 முதல் தடைசெய்தோம். இம்முறை அந்த வரிசை மாறட்டும். அடுத்த வெள்ளோட்டத்துக்கு முன்பே அவ்வட்டாரத்து முதியவர்களையும் உடற்குறையுள்ளோரையும் அழைத்து, ரோபோவோடு ஒரே நடைபாதையில் நடக்கச் செய்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு விதிகளை எழுதுங்கள். அழைத்தால் என் தாயாரும் வருவார்.

மரியாதையுடன்,
பொங்கோல் குடியிருப்பாளர் ஒருவர்