ஓடிபி சொன்னால் சம்மதம் ஆகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவமனைப் பதிவுக் கவுன்ட்டரில் "போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்கம்மா" என்கிறார்கள். ஓ.பி. சீட்டுக்குத்தான் போலிருக்கிறது என்று நோயாளியும் ஆறு இலக்கத்தைச் சொல்லிவிடுகிறார். பல நேரம் அதைக்கொண்டு உருவாக்கப்படுவது, ஒருவரின் மருத்துவ ஆவணங்களை ஆன்லைனில் இணைத்துவைக்க உதவும் 14 இலக்க ஆபா (ABHA) சுகாதாரக் கணக்கு எண். அது கட்டாயமில்லை; வேண்டாம் என்பவருக்கும் சீட்டும் சிகிச்சையும் தந்தே ஆகவேண்டும்.

ஆபா எடுப்பது வேறு, ரிப்போர்ட்டுகளை அதில் இணைப்பது வேறு, இன்னொரு மருத்துவமனை அவற்றைப் பார்க்க அனுமதிப்பது வேறு. கடைசியாகச் சொன்ன அனுமதிக்கு நோயாளியின் போனில் உள்ள செயலியில் தனிக் கோரிக்கை வரும். கேட்பது யார், எதற்காக, எந்த வகை ஆவணம், எந்தத் தேதிமுதல் எதுவரை, அனுமதி என்றைக்கு முடிகிறது என எல்லாம் அதில் இருக்கும். நோயாளி மறுக்கலாம், கொடுத்த அனுமதியைப் பிறகு ரத்தும் செய்யலாம். நன்றாக யோசித்துச் செய்த ஏற்பாடுதான். கூட்டம் சேர்ந்துவிட்டதென்று ஊழியரே போனை வாங்கித் தட்டிவிட்டால் அத்தனையும் வீண்.

அந்த போன் யாருடையது என்றும் கேட்க வேண்டும். பல வீடுகளில் ஒரே போன்தான், அதுவும் கணவர் அல்லது மகன் கையில். கருக்கலைப்பு, மனநல மாத்திரை, எச்ஐவி பரிசோதனை என்று மனைவியோ தாயோ சொல்லாமல் வைத்திருப்பது அந்தத் திரையில் தெரிந்துவிடும். எச்ஐவி விவரத்தை மருத்துவமனை வெளியே சொல்ல, எழுத்தில் பதிவான சம்மதம் வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டுச் சட்டம்.

வீடியோ சிகிச்சையிலும் இதே குழப்பம். 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி, நோயாளி தானே மருத்துவரை அழைத்தால் சம்மதம் இருப்பதாகக் கொள்ளலாம். துணை சுகாதார நிலையச் செவிலியர் அழைத்துப் பேச வைத்தால் அப்படிக் கொள்ள முடியாது. "வீடியோவில் டாக்டரிடம் காட்ட எனக்குச் சம்மதம்" என்று நோயாளி வாய்விட்டுச் சொன்னால் போதும், ஆனால் அதை மருத்துவர் நோயாளியின் பதிவில் குறிக்க வேண்டும். பத்து விநாடி வேலை. இதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள்.

தகவல் பாதுகாப்புக்கான 2023ஆம் ஆண்டுச் சட்டம், சம்மத அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளிலும் படிக்க வாய்ப்புத் தரச் சொல்கிறது. தமிழ் அதில் உண்டு. அப்படியொரு அறிவிப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இந்த ஓடிபி எதற்கு, சொல்லாவிட்டால் என்ன ஆகும், பிறகு எப்படி ரத்து செய்வது என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒவ்வொரு கவுன்ட்டரிலும் ஒட்டலாம். படிக்கத் தெரியாதவருக்கு ஊழியர் வாசித்துக் காட்டிய பிறகே எண்ணைக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
மருத்துவ ஆவணத் துறை வாசகர்கள்,
மதுரை