அண்ணன் எங்கே என்று கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவில், கிள்ளானில் வேலை பார்க்கும் என் சித்தி மகன், உங்கள் ஞாயிறு பதிப்பின் வாசகர் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புவான். நான் இருப்பது பர்மாவில். இங்கே யாங்கோனில் எங்கள் பக்கத்துக் கடைகளில் தமிழ்ப் பத்திரிகை கிடைக்காது. கோயில் வகுப்பில் படித்த தமிழ் மறக்காமல் இருக்க இப்படி ஏதாவது வாசித்தால்தான் உண்டு. போன மாதப் பக்கம் ஒன்றில் பினாங்குப் பெரியவர் ஒருவர் இளம் பிள்ளைகளின் தனிமையைப் பற்றி எழுதியிருந்தார். பிள்ளைகள் கோயிலையும் சொந்தபந்தத்தையும் விட்டுவிட்டுக் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டதுதான் காரணமாம். ஒவ்வொரு கோயிலிலும் வாரம் ஒருநாள் இளைஞர் கூட்டம் வைத்தால் 'நாம் இந்தச் சனத்தைச் சேர்ந்தவர்கள்' என்ற எண்ணம் தானாக வரும், தனிமை போய்விடும் என்கிறார்.

அவர் அக்கறையோடு எழுதியிருக்கிறார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு அந்த எண்ணம் வேண்டிய மட்டும் இருக்கிறது ஐயா. தனிமையும் இருக்கிறது. இரண்டும் எப்படிச் சேர்ந்து இருக்க முடியும் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். என் பெயரைப் போட வேண்டாம். தாம்வே பக்கம் என்று போடலாம், அது பெரிய இடம். வீட்டு விவரங்கள் சிலவற்றை மாற்றித்தான் எழுதுகிறேன், யாரும் எங்கள் வீட்டைத் தேட வேண்டாம்.

எனக்கு 22 வயது. 2020 மார்ச்சில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினேன். இங்கே அதுதான் கல்லூரிக்கு வாசல். உடனே கொரோனா வந்து எல்லாம் மூடியது. திறக்கும் நேரத்தில் 2021 பிப்ரவரி 1 வந்தது. ராணுவம் ஆட்சியைப் பிடித்தது உங்களுக்குத் தெரிந்த கதைதான். கல்லூரி வாசலை நான் மிதிக்கவே இல்லை. இப்போது பயின்னாங் சந்தையில் ஒரு பருப்பு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வீட்டில் பாட்டி, அம்மா, நான்.

எங்கள் கோயிலில் என்னைத் தெரியாதவர் கிடையாது. இன்னார் பேத்தி, இன்னார் மகள், பங்குனித் திருவிழாவில் தீ மிதித்தவரின் பெண். காய்ச்சல் என்று படுத்தால் மதியத்துக்குள் இரண்டு வீட்டுக் கஞ்சி வந்துவிடும். ஏப்ரலில் பர்மியர்களின் திஞ்ஞான் தண்ணீர்த் திருவிழாவும் நம் சித்திரைப் பிறப்பும் ஒரே வாரத்தில் வரும். காலையில் கோயிலில் சர்க்கரைப் பொங்கல், மதியம் தெருவில் ஈரம் சொட்டச் சொட்டப் பர்மியப் பிள்ளைகளோடு ஆட்டம் என்று வளர்ந்தவள் நான். பள்ளியில் ஒரு பர்மியப் பெயர், வீட்டில் ஒரு தமிழ்ப் பெயர். இந்திய வம்சத்தவரை இழிவாகச் சொல்லும் 'கலா' என்ற பர்மியச் சொல்லால் கேலி செய்தவர்கள் இருந்தார்கள், அதற்காகச் சண்டை போட்ட பர்மியத் தோழிகளும் இருந்தார்கள். இந்த ஊர் என்னுடையதா என்று யோசித்து நான் தூக்கம் கெட்டதில்லை.

தூக்கம் கெட்டது வேறு காரணத்தால். 2021 ஜூலையில் யாங்கோன் முழுவதும் ஆக்சிஜன் உருளைக்கு வரிசையில் நின்றது. எங்கள் அப்பா அந்த மாதத்தில் போனார். அதன் பிறகு இரவில் படுத்தால் எனக்கு மூச்சு முட்டும். கோயில் மறுபடி திறந்தபோது, எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த ஓர் அக்காவிடம் இதைச் சொன்னேன். யாரிடமும் சொல்லாதீர்கள் என்றும் சொன்னேன். "சேச்சே, நான் ஏன்மா சொல்லப் போறேன்" என்றார். அடுத்த வெள்ளிக்குள் அந்தச் செய்தி எங்கள் வீட்டுக்கு மூன்று உருவத்தில் வந்து சேர்ந்தது. ஒருவர் மந்திரித்த திருநீறு கொண்டுவந்தார். இன்னொருவர் எலுமிச்சம்பழம் சுற்றிப் போடச் சொன்னார். மூன்றாமவர் சுற்றி வளைக்காமல் ஒரு மாப்பிள்ளை ஜாதகத்தோடு வந்தார். என் மூச்சுக்கும் அந்தப் பையனின் ஏழாமிடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மூன்று பேருக்கும் என்மேல் பிரியம்தான். அன்று இரவு அம்மா அழுதார், "என்கிட்ட சொல்லாம ஊர்கிட்ட ஏன் சொன்ன?" என்று. அதற்கப்புறம் கோயிலில் யார் எப்படி இருக்கே என்று கேட்டாலும், நல்லா இருக்கேன் என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

இது சின்ன விஷயம். பெரிதானது 2024இல். அந்த வருஷம் பிப்ரவரி 10 அன்று, 2010இல் எழுதி வைத்திருந்த கட்டாய ராணுவப் பணிச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவருவதாக அறிவித்தார்கள். ஆண்களில் 18 முதல் 35 வயது வரை, பெண்களில் 18 முதல் 27 வரை. என் வயதும் அதில் இருக்கிறது. ஏப்ரலில் முதல் பிரிவைக் கூப்பிட்டார்கள். எங்கள் தெருப் பையன்கள் ஒவ்வொருவராகக் கண்ணில் படாமல் போனார்கள். என் அண்ணனும் போனான். எப்படிப் போனான் என்று எழுத மாட்டேன். பாங்காக்கில் ஒரு சாப்பாட்டுக் கடையின் அடுப்படியில் வேலை கிடைத்தது. இப்போது அவன் அங்கே இல்லை, வேறொரு நாட்டில் முறையான காகிதங்களோடு இருக்கிறான். அதனால்தான் இதையெல்லாம் எழுதத் துணிந்தேன்.

எங்கள் நாட்டில் வீட்டுக்கு வீடு குடும்பப் பட்டியல் உண்டு. வெளியாள் ஓர் இரவு தங்கினாலும் வார்டு அலுவலகத்தில் போய்ச் சொல்ல வேண்டும். ஒரு தோழி வந்து, பேச்சு நீண்டு, அப்படியே தூங்கிப்போவது என்பதெல்லாம் இங்கே சுலபம் இல்லை. பட்டியலில் பெயர் இருப்பவர் வீட்டில் இல்லையென்றாலும் கேள்வி வரும். அண்ணனுக்கு மாண்டலேயில் வேலை கிடைத்துவிட்டது என்று சொல்வதாக முடிவு செய்தோம். வார்டு ஆட்களிடம் சொன்ன அதே பொய்யைக் கோயிலிலும் சொன்னோம். கோயிலில் சொன்னது வார்டு அலுவலகம் போய்ச் சேர ஒரு கெட்டவர் தேவையில்லை. வாய் நிறையப் பேசும் நல்லவர் ஒருவர் போதும்.

அப்புறம் 2025 மார்ச் 28 வந்தது. வெள்ளிக்கிழமை, மதியம் ஒரு மணிக்குச் சற்று முன். நான் உளுந்து மூட்டைக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். (எங்கள் கடை உளுந்து பெரும்பாலும் தமிழ்நாட்டுக்குத்தான் போகிறது. நான் பார்க்காத ஊரின் இட்லியில் என் கையெழுத்தும் கொஞ்சம் இருக்கிறது.) யாங்கோனில் ஆட்டம் லேசுதான். தலை சுற்றுகிறதோ என்று நினைத்தேன். மாண்டலே, சகாயிங் பக்கம் அது 7.7 அளவு என்றும், வீடு வீடாக விழுந்துவிட்டது என்றும் கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. கடைசியில் 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே ஆட்டத்தில் பாங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த ஒரு பல மாடிக் கட்டடமும் நொறுங்கி விழுந்தது. உள்ளே கட்டட வேலைக்காரர்கள், அதில் பர்மாப் பிள்ளைகளும் உண்டு. கூலி கூடக் கிடைத்தால் அண்ணன் அடுப்படியை விட்டுக் கட்டட வேலைக்கும் போவான் என்று எனக்குத் தெரியும். அவன் போன் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் வாசல் நிறையச் செருப்பு. கோயில் சனம் முழுக்க உள்ளே. மாண்டலேயில் இருக்கும் பிள்ளைக்கு என்ன ஆயிற்றோ என்று வந்திருக்கிறார்கள். ஒருவர் அண்ணன் நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்து பிரசாதத்தோடு வந்திருந்தார். எனக்கு ஜாதகம் கொண்டுவந்த அதே அம்மா எங்கள் அடுப்பில் சோறு வைத்துக்கொண்டிருந்தார். ஒரு மாமா, மறுநாள் அரிசி, தண்ணீரோடு வடக்கே போகும் லாரியில் தானும் ஏறிப்போய்ப் பையனைத் தேடுவதாகச் சொல்லி விலாசம் கேட்டார். நான் என்ன விலாசம் கொடுப்பேன்? அவர்கள் மாண்டலேயை நினைத்து அழுதார்கள், நான் பாங்காக்கை நினைத்து அழுதேன். பாட்டி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இத்தனை அன்பான மனிதர்கள் நடுவில் அன்று இருந்த மாதிரி நான் தனியாக ஒருநாளும் இருந்ததில்லை. பினாங்குப் பெரியவர் சொல்லும் கூட்டம்தான் அது. வீடு கொள்ளாத கூட்டம்.

இரவு மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தபோது அண்ணனின் குரல் செய்தி வந்தது. நல்லா இருக்கேன், பாங்காக்கில் எல்லாரும் ரோட்டில் நிற்கிறோம் என்று அவசரத்தில் பர்மியத்தில் பேசியிருந்தான். நிமிர்ந்து பார்த்தால் மேல்படியில் எதிர்வீட்டு மமா. பர்மிய வழக்கப்படி அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம். முஸ்லிம் குடும்பம், பூர்வீகம் மாண்டலே. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேரே எங்கள் வீட்டுக்குள் போய், "பையன் யாரோ நண்பன் போனிலிருந்து கூப்பிட்டான், நானே பேசினேன், சுகமாக இருக்கிறான், லைன் கட்டாகிவிட்டது" என்று கூட்டத்துக்குச் சொன்னார். கோயில் சனம் கையெடுத்துக் கும்பிட்டது. சோறு சாப்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள்.

அன்று ரமலானின் கடைசி வெள்ளி. மாண்டலேயில் மதியத் தொழுகைக்குக் கூடியிருந்த பள்ளிவாசல்கள் இடிந்து விழுந்தன. மமாவின் சித்தப்பா அப்படி ஒன்றில் இருந்தார். எங்கள் வீட்டுக்குள் வந்து அந்தப் பொய்யைச் சொன்ன நேரத்தில் அவருக்குத் தன் சித்தப்பாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. பிறகு வந்த தகவலும் நல்லதாக இல்லை.

அன்றிலிருந்து நானும் அவரும் பேசுகிறோம். இங்கே மின்சாரம் முறை வைத்துத்தான் வரும், இல்லாத நேரத்தில் படியில் உட்காருவோம். மூச்சு முட்டுவதை அவரிடம் சொன்னேன். தனக்கும் சில நாள் அப்படித்தான் என்றார், அவ்வளவுதான், எலுமிச்சம்பழம் எதுவும் வரவில்லை. மனதில் இருப்பதைப் பர்மியத்தில் சொல்வது எனக்கு எளிதாகவும் இருக்கிறது. தமிழில் வாயைத் திறந்தால் பக்கத்து அறையில் யாரோ பெரியவர் கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு கூச்சம். இந்தக் கடிதத்தைக்கூட அந்தக் கூச்சத்தோடுதான் எழுதுகிறேன். "அந்த வீட்டில் அளவோடு பழகு" என்று கோயிலில் ஒருவர் சொன்னார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

பாட்டியிடம் ஒரு பிஸ்கட் டின் நிறையக் கடிதங்கள் இருக்கின்றன. 1964இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது கப்பலேறிப் போன அவருடைய அக்கா, சென்னை வியாசர்பாடியிலிருந்து எழுதியவை. அந்தக் காலத்தில் சுமார் 3 லட்சம் இந்தியர்கள் இந்த நாட்டை விட்டுப் போனார்கள் என்பார்கள், எங்கள் வீட்டில் பாதி அதில் அடக்கம். எந்தக் கடிதத்தை எடுத்தாலும் 'இங்கு அனைவரும் நலம், அங்கு அனைவரின் நலமறிய ஆவல்' என்று தொடங்கி மழை, விலைவாசி, திருவிழா என்று முடிகிறது. கூடப் பிறந்தவளைப் பிரிந்த ஒருத்தியின் கடிதம் மாதிரியே இல்லை. ஏன் பாட்டி இதில் ஒன்றுமே இல்லை என்று கேட்டேன். "பிரிச்சுப் படிப்பாங்கன்னு பயம். அப்புறம் பயம் போயிடுச்சு, மனசு விட்டு எழுதுற பழக்கமும் போயிடுச்சு" என்றார். நானும் அண்ணனும் இப்போது அனுப்பிக்கொள்ளும் செய்திகளும் அப்படித்தான். சாப்பிட்டியா? சாப்பிட்டேன். மழையா? மழைதான்.

கைப்பேசியைக் கீழே வைக்கச் சொல்லும் பெரியவருக்கு ஒரு வார்த்தை. 2021 பிப்ரவரியிலிருந்து இங்கே ஃபேஸ்புக்குக்குத் தடை, சுற்றுவழியில்தான் போக வேண்டும். கோயில் தமிழ் வகுப்பில் என்னோடு படித்தவர்கள் தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். சிலர் எங்கே என்றே தெரியவில்லை. அந்தப் போனையும் தூக்கிப் போட்டால் எனக்கு மிச்சம் பாட்டியும் உளுந்தும்தான்.

கோயில் சனத்தைக் குறை சொல்லி எழுதுவதாக நினைக்க வேண்டாம். நான் செத்தால் தூக்க வருபவர்கள் அவர்கள்தான், எனக்கு அது தெரியும். உயிரோடு இருக்கும்போது ஒரு வார்த்தை சொன்னால் அது அவர்களிடமே தங்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இது புரியாத விஷயமும் இல்லை. ஒளித்து வைத்த நகைக்கணக்கை அறுபது வருஷமாக வாயைத் திறக்காமல் காப்பாற்றுகிறவர்கள் உண்டு. பிள்ளைகள் சொல்லும் பேச்சை மட்டும் ஏனோ பிரசாதம் மாதிரி எல்லோருக்கும் பங்கு வைத்துவிடுகிறார்கள்.

ஆகவே அந்த இளைஞர் கூட்டத்தை நடத்துங்கள். முடிந்தால் எங்கள் ஊரிலும் நடக்கட்டும், நான் வருவேன். வந்தவுடன் அண்ணன் எங்கே, கல்யாணம் எப்போது என்று நாலு பேர் முன்னால் கேட்காதீர்கள். ஒரு பிள்ளை தனியாகக் கூப்பிட்டு ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். அதன் அம்மாவிடம் போக வேண்டிய விஷயமாக இருந்தால், "நான் அம்மாகிட்ட பேசட்டுமா?" என்று முதலில் அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள். வேறு ஏற்பாடு எதுவும் வேண்டாம். டீயும் வடையும் இருந்தால் நல்லது. வந்தவர்கள் பேரை எழுதிக்கொள்ளும் நோட்டு மட்டும் வைக்காதீர்கள் ஐயா, இந்த ஊரில் ஏற்கனவே நிறையப் பட்டியல் இருக்கிறது.

இப்படிக்கு,
தாம்வே வாசகி,
யாங்கோன்.