வண்டி வாங்கும் முன் எடை போட்டுப் பார், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நேற்று ராத்திரி நீ அனுப்பிய படங்களை உன் அம்மாவும் நானும் பார்த்தோம். டெக்சாஸ் பக்கம் எண்ணெய்க் குழாய் வேலை செய்கிற வெல்டர்களின் வண்டிகள். பின்னால் இரட்டைச் சக்கரம், டெக்கில் லிங்கன் வெல்டிங் மிஷின், பக்கவாட்டில் சுருட்டி மாட்டிய கேபிள், கடைசியில் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ். தொழில்காரன் வண்டி என்று பார்த்ததுமே தெரிகிறது. அதே மாதிரி இங்கே நான்கு கதவு வைத்த இசுஸு டி-மேக்ஸ் எடுத்துப் பண்ணலாமா என்று கேட்டிருக்கிறாய். போனில் பேச ஆரம்பித்தால் உனக்கு ஷிஃப்டுக்கு நேரமாகிவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

நீ சிங்கப்பூர் துவாஸ் கப்பல் பட்டறையை விட்டு ஊருக்கு வருவதும், வெல்டிங் செட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு வேலை இருக்கிற இடத்துக்கே போவதும் எனக்கு ரொம்பப் பிடித்த யோசனை. தை, மாசியில் சம்பா அறுவடைக்கு சேலம், ஆத்தூர் பக்கத்திலிருந்து அறுவடை மிஷின்கள் மன்னார்குடிக்கு வந்து இறங்குவது உனக்குத் தெரியும். மணிக்கணக்கு வாடகை. நடு வயலில் ஒரு பிராக்கெட் உடைந்தால் மிஷினைப் பட்டறைக்கு ஓட்டி வர முடியாது. உடைந்ததைக் கழற்றி டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வைத்துக்கொண்டு என்னிடம் வருவார்கள். ஒட்டிக் கொடுத்து, திரும்பப் போய் மாட்டுவதற்குள் அரை நாள் போய்விடும். கதிர் சாய்ந்து கிடக்கும், மேகம் கட்டி நிற்கும், விவசாயி வரப்பில் உட்கார்ந்திருப்பார். அந்த அரை நாளை அவருக்கு மிச்சம் பிடித்துக் கொடுக்கிற வேலை நீ செய்யப் போவது. குறுவைக்கும் இப்படித்தான். ஜூன், ஜூலையில் உழவு நேரத்தில் டிராக்டரைச் சேற்றில் இறக்குகிற கேஜ் வீல், ரோட்டவேட்டர் வேலை. இடையில் ஜேசிபி பக்கெட், கோழிப்பண்ணைக் கொட்டகை, கேட். வேலைக்குப் பஞ்சமில்லை.

ஆனால் நீ வண்டியிலிருந்து யோசிக்க ஆரம்பித்திருக்கிறாய். எடையிலிருந்து ஆரம்பி என்கிறேன். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தது. நீ அப்போது திருச்சியில் ஐடிஐ ஹாஸ்டலில் இருந்தாய். இங்கே கரண்ட் கம்பம் எல்லாம் படுத்துவிட்டது. பட்டறையில் டிரான்ஸ்ஃபார்மர் வெல்டிங் செட் சும்மா கிடந்தது. ஊரெல்லாம் கூரை பறந்து, ஷெட்டு மடங்கிக் கிடக்க, வெல்டருக்கு மட்டும் கரண்ட் இல்லை. ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து பெரிய டீசல் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து, கிடைத்த சின்ன வண்டி ஒன்றில் ஏற்றினேன். கூடவே ஆக்சிஜன் சிலிண்டர் இரண்டு, டி.ஏ. என்கிற அசிட்டிலீன் சிலிண்டர் ஒன்று, ஆங்கிள் இரும்பு பத்துப் பன்னிரண்டு. எவ்வளவு எடை என்று கணக்கே போடவில்லை. முத்துப்பேட்டை பக்கம் போக கோரையாற்றுக் கரை ரோட்டில் இறங்கினோம். ஒரு மதகுத் திருப்பத்தில் பிரேக்கை அழுத்தினால் வண்டி நிற்கவில்லை, சறுக்கிக்கொண்டே போகிறது. பின் ஸ்பிரிங் பட்டை முறிந்து வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. கயிறு அறுந்து ஜெனரேட்டர் நகர்ந்து வந்து பக்கப் பலகையில் இடித்தது. ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் கீழே விழுந்து உருண்டது. வால்வுக்கு மூடி போட்டிருந்தேன், அதனால் தப்பித்தோம். உள்ளே 150 பார் அழுத்தம். வால்வு ஒடிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த பையனின் காலுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. உன்னைவிட இரண்டு வயது சின்னவன்.

அந்த வண்டியைக் குறை சொல்ல மாட்டேன். தன்னால் முடிந்ததைவிட அதிகமாக நான்தான் அதன்மேல் ஏற்றினேன்.

சரி, இப்போது உன் கணக்கு. போன வாரம் நம் சாமான்களை எடைமேடையில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். டீசல் ஜெனரேட்டர் 310 கிலோ. நிறைந்த ஆக்சிஜன் இரண்டும் டி.ஏ. ஒன்றும் சேர்த்து 200. வைஸோடு மேஜை 90. கேபிள் 30. இன்வெர்ட்டர் வெல்டிங் மிஷின் இரண்டும் 20. கிரைண்டர், டிரில், செயின் பிளாக், ஜாக்கி, சுத்தியல் எல்லாம் ஒரு 100. வெல்டிங் ராடு, கட்டிங் வீல், பெயின்ட் 40. தண்ணீர் டிரம் 100. மேலே கம்பி வைக்கக் கேரியர் அடித்தால் 120. கூட்டிப் பார், 1,010 கிலோ. வேலைக்கு வேண்டிய இரும்பு இதில் சேரவில்லை. 50க்கு 50, 6 எம்எம் ஆங்கிள் மீட்டருக்கு நாலரை கிலோ. ஒரு முழு நீளம் 27 கிலோ, பத்து நீளம் 270. ஆக 1,280.

இந்த ஒரு எண் கையில் இருந்தால் பாதி வண்டிகள் தானாகவே கழிந்துவிடும். டாடா ஏஸ், நம் ஊரில் குட்டியானை என்கிறோமே, 2005ல் வந்ததிலிருந்து எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்ட வண்டி. அது முக்கால் டன் அளவுக்கானது. வெறும் இன்வெர்ட்டரும் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டரும் வைத்து கேட், கிரில் வேலை மட்டும் பார்க்கிறவனுக்கு அதுவே தாராளம். நீ எடுக்கப் போகிற வேலைக்குப் போதாது. அசோக் லேலண்ட் தோஸ்த் ஒன்றேகால் டன் ரகத்தில் வருகிறது, டாடா இன்ட்ராவும் ஏறக்குறைய அந்த அளவில் இருக்கிறது. இரண்டும் கச்சிதமான வண்டிகள்தான். ஆனால் உன் கணக்கு அவற்றின் விளிம்பில் வந்து நிற்கிறது, ஒன்றேகால் டன்னைவிட முப்பது கிலோ கூடவே வருகிறது. வாடிக்கையாளர் கூடுதலாக ஒரு பிளேட்டைத் தூக்கிப் போட்டால் இன்னும் தாண்டிவிடும். தினமும் விளிம்பில் ஓடுகிற வண்டிக்கு பிரேக் ஷூவும் பட்டையும் டயரும் ஓயாமல் தீரும். பொலேரோ பிக்கப்பில் 1.7 டன் ரகம், ஒன்பதடி டெக், இதுதான் என் மனதில் இருக்கிறது. நாலு சிலிண்டர் இஞ்சின், எந்தக் கிராமத்து மெக்கானிக்கும் கை வைப்பான். உதிரிபாகம் மன்னார்குடியிலேயே கிடைக்கும்.

டி-மேக்ஸ் நல்ல வண்டி, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நாலு கதவு வைத்ததில் டெக் ஐந்தடிதான் மிஞ்சுகிறது. ஜெனரேட்டரும் சிலிண்டரும் வைத்தால் மேஜைக்கு இடம் எங்கே? இரும்பு இருபதடி நீளத்தில் வருகிறது. அந்த வண்டி விலையில் இங்கே இரண்டு பிக்கப் வாங்கலாம். நான்கு சக்கரமும் இழுக்கிற வசதி மலைக்காட்டுக்கு வேண்டும். நம் வயலில் தண்ணீர் நிற்கும்போது எந்த வண்டியும் இறங்கக் கூடாது, வரப்போரம் நிறுத்தி கேபிளைத்தான் இழுக்க வேண்டும். ஆகவே அந்தப் பணத்தில் கேபிளை முப்பது மீட்டருக்குப் பதில் ஐம்பது மீட்டராக வாங்கு, நல்ல செம்புக் கேபிளாக. டெக்சாஸ்காரன் அவன் வேலைக்குத் தகுந்த வண்டியைக் கட்டியிருக்கிறான். அவனிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த நேர்த்தியை, ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் இடம் வைத்திருக்கிறானே அதை.

ஜெனரேட்டர் எவ்வளவு வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். 10 கேஜ் ராடு 120 ஆம்பியரில் எரிந்தால் ஆர்க்கில் ஏறக்குறைய 3 கிலோவாட். மிஷினில் போகிற நட்டம், பவர் ஃபேக்டர் எல்லாம் சேர்த்தால் ஐந்தரை கேவிஏ இழுக்கும். நம்முடைய 7.5 கேவிஏ போதும், கிரைண்டரைத் தனியாக ஓட்டிக்கொள்ளலாம். அதைவிடத் தடித்த 8 கேஜ் ராடு 170 ஆம்பியருக்குப் போனால் திணறும். அதற்காகப் பெரிய ஜெனரேட்டர் ஏற்றி எடையைக் கூட்டாதே. ஜேசிபி பக்கெட்டுக்கும் 10 கேஜிலேயே இரண்டு ரன், அதாவது இரண்டு அடுக்கு ஒட்டு, கூடுதலாகப் போடு. உன் கைக்கு அது ஒன்றும் பாரமில்லை. 7018 ராடைக் காய்ச்ச சின்ன ஓவன் ஒன்று வைத்துக்கொள். நம் ஊர் ஈரத்தில் அது இல்லாமல் ஆகாது.

கேரியரையும் மேஜையையும் நாமே அடிப்போம், அதில் எனக்கு ஆசை. ஆனால் சேஸியில் ஒரு பொட்டு வெல்டிங் கூட வைக்கக் கூடாது, ஓட்டையும் போடக் கூடாது. யூ போல்ட் போட்டுத்தான் பிடிக்க வேண்டும். வெல்டர் வண்டியில் வெல்டரே சேஸியைச் சுட்டு, சூடு பட்ட இடத்தில் விரிசல் விட்டதை நிறையப் பார்த்துவிட்டேன். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டி என்றால் டெக்கில் எதையாவது ஒட்டும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடு, இல்லாவிட்டால் இஞ்சினைக் கட்டுப்படுத்துகிற ஈசியூ போய்விடும். அறுவடை மிஷினில் ஒட்டும்போதும் இதே பழக்கம். எர்த் கிளாம்பை ஒட்டுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே போடு. தூரத்தில் போட்டால் கரண்ட் பேரிங் வழியாகப் போய்ப் பொசுக்கும், அப்புறம் அந்தப் பேரிங்குக்கும் நீதான் பதில் சொல்ல வேண்டும்.

ஜெனரேட்டர் பின் ஆக்ஸிலுக்குச் சற்று முன்னால், நடுவில் உட்கார வேண்டும், அடியில் ரப்பர் வைத்து. சிலிண்டர்கள் கேபினை ஒட்டி நின்றபடி, சங்கிலி போட்டு, ஜெனரேட்டருக்கும் அதற்கும் நடுவே தகடு அடித்து. டி.ஏ. சிலிண்டரைப் படுக்க வைக்காதே, உள்ளே இருக்கும் அசிட்டோன் வெளியே வரும். ஆக்சிஜன் ரெகுலேட்டர் பக்கம் டீசல் கை, கிரீஸ் கை போகக் கூடாது. வைஸ் மேஜை இடது பக்கம் இருக்கட்டும். ரோட்டோரம் நிறுத்தி வேலை செய்யும்போது லாரி போகிற பக்கம் உன் முதுகு இருக்கக் கூடாது.

தண்ணீர் டிரம் எதற்கு இவ்வளவு எடையில் என்று நினைப்பாய். காய்ந்த வைக்கோல், தம்பி. கப்பல் பட்டறையில் கீழே இரும்புத் தரை. இங்கே ஒரு பொறி விழுந்தால் அறுத்த வயலின் தாள் தீப்பிடித்து, பக்கத்து வயலில் நிற்கிற நெல்லுக்குப் போய்விடும். ஒட்டுகிற இடத்தைச் சுற்றிலும் வைக்கோலை ஒதுக்கி, தண்ணீர் தெளித்து, மிஷினுக்குள் அடைந்திருக்கிற தூசியையும் உமியையும் தட்டி, நனைத்த சாக்கை விரித்து, அதற்கப்புறம்தான் ராடைக் கையில் எடுக்க வேண்டும். தீயணைப்பான் ஒன்று கேபினுக்குள் இருக்கட்டும். இதற்கு ஒருவனைத் தனியாக நிறுத்து, கூலி கொடுத்தாவது.

காகித வேலையும் சொல்லிவிடுகிறேன். வண்டியும் பாரமும் சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவுக்குள் என்றால் சரக்கு வண்டிக்கு பெர்மிட் வேண்டாம். 1.7 டன் ரகம் அதைத் தாண்டும், ஆகவே பெர்மிட் எடுக்க வேண்டும். அந்தச் செலவுக்குப் பயந்து சின்ன வண்டியை வாங்கி அதில் பெரிய பாரம் ஏற்றாதே. உன் லைசென்ஸ் போதும். மொத்த எடை 7,500 கிலோ வரைக்கும், இலகு ரக வண்டிக்கான எல்எம்வி லைசென்ஸில் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எஃப்சி முதல் எட்டு வருஷம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, பிறகு வருஷாவருஷம். டெக்கில் நிரந்தரமாக எதையாவது பொருத்தும் முன் ஆர்டிஓ ஆபீஸில் கேட்டுக்கொள்ளலாம், நான் கூட வருகிறேன்.

புதிதா பழையதா என்பதில் உன் அம்மாவுக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. அவள் புதிது என்கிறாள். நான் மூன்று வருஷம் ஓடிய வண்டியைப் பார்க்கலாம் என்கிறேன். கார்த்திகை மழையில் ஒரு மாதம் முழுக்க வேலையே இல்லாமல் போகும், தவணை அப்போதும் வரும். பழைய வண்டி பார்க்க நாமக்கல் போனால் நீ கீழே படுத்து சேஸி முழுக்கத் தடவிப் பார். எங்கே ஒட்டுப் போட்டு பெயின்ட் அடித்திருந்தாலும் உன் விரலுக்குத் தெரிந்துவிடும். ஆர்சியில் கடன் நிலுவை இருந்தால் ஃபைனான்ஸ்காரனின் என்ஓசி வராமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது.

பட்டறைத் தரையில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். ஒன்பதடிக்கு ஐந்தரை அடி. ஜெனரேட்டரை உருட்டி அதற்குள் வைத்தாயிற்று, சிலிண்டர்களும் நிற்கின்றன. மேஜையை வைத்தால் நீ திரும்பி நிற்க இடம் இருக்குமா என்று தெரியவில்லை. நான் நின்று பார்த்தேன், இடித்தது. ஆனால் நீ என்னைவிட ஒல்லி. அம்மா தினமும் கோட்டை மிதிக்காமல் சுற்றித்தான் பெருக்குகிறாள். லீவு கிடைத்ததும் டிக்கெட் தேதியைச் சொல். வந்து நீயே நின்று பார், அளவைக் கடைசியில் முடிவு செய்வோம்.

அன்புடன்,
அப்பா