எத்தனை தாய்மாரின் நஞ்சுக்கொடி?

தருமபுரி

அன்புள்ள மாது,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. கூழ் ஆலைக்காரர்கள் பெங்களூரா மாங்காய்க்கு வைத்த விலையை நீ திட்டியிருந்த பகுதியை வீட்டில் உரக்கப் படித்தேன். உன் தங்கச்சி சிரித்து முடிக்க நேரமாயிற்று. இங்கே எல்லோரும் சுகம். சின்னவன் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். சனிக்கிழமை ஆனால் அழுக்குத் துணி மூட்டையோடு வந்து இறங்குகிறான்.

மாசமாக இருக்கும் உன் பெரியவளின் குழந்தைக்குத் தொப்புள்கொடி ரத்தம் சேமிப்பது, அண்ணன் கால்புண், அப்புறம் தாயத்தில் அடைத்த தொப்புள்கொடியின் செல் பின்னாளில் மருந்தாகும் என்ற அந்த வாட்ஸ்அப் செய்தி என்று மூன்றைக் கேட்டிருந்தாய். மூன்றும் இப்போது நான் மூழ்கிக் கிடக்கும் வேலைக்குள்ளேயே வருகின்றன. பிரசவத்தோடு வெளியே வரும் நஞ்சுக்கொடி, பனிக்குடச் சவ்வு, தொப்புள்கொடி, அதற்குள் இருக்கும் வழவழப்பான ஜெல்லி, இவற்றிலிருந்து எடுத்த செல்லையும் சாற்றையும் வைத்துப் புண்ணை ஆற்ற முடியுமா என்று விலங்குகளில் நிறையச் சோதித்திருக்கிறார்கள். அந்த ஆய்வுகளைச் சேர்த்துப் படித்து, எதை நம்பலாம் என்று எழுத வேண்டும். ஒரே கட்டுரையை இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து மதிப்பிடுகிறோம். ஒத்துவராத இடத்தில் மூன்றாம் ஆள் பஞ்சாயத்து. பஞ்சாயத்து நிறையவே நடக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இது நேற்று முளைத்த மோகம் இல்லை. 1910இலேயே அமெரிக்காவில் டேவிஸ் என்ற மருத்துவர் பனிக்குடச் சவ்வைத் தோல் ஒட்டுக்குப் பயன்படுத்திப் பார்த்தார். 1995இல் கிம், செங் என்ற இருவர், மோசமாகப் பழுதான முயல் கருவிழிகளில் பதப்படுத்திய மனிதப் பனிக்குடச் சவ்வை வைத்துச் சோதித்துக் காட்டினார்கள். அதன் பிறகு உலகம் முழுக்கக் கண் மருத்துவர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். கண்ணில் சுண்ணாம்பு பட்டு வெந்துபோனவர்களுக்கு இன்று இந்தச் சவ்வை வைக்கிறார்கள். விலங்கில் பார்த்தது மனிதரிடமும் பலித்ததற்கு அது நல்ல சாட்சி.

நீ நஞ்சுக்கொடியை நேரில் பார்த்திருக்க மாட்டாய். பிரசவம் ஆனதும் நர்ஸ் நஞ்சை ஒரு தட்டில் விரித்துப் போட்டு, துண்டு ஏதாவது உள்ளே தங்கிவிட்டதா என்று புரட்டிப் பார்ப்பார். ஏறக்குறைய அரைக் கிலோ இருக்கும். தாய்ப்பக்கம் கருஞ்சிவப்பாகத் திட்டுத்திட்டாக இருக்கும். குழந்தைப்பக்கம் நீலம் பாய்ந்து பளபளக்கும், அதிலிருந்துதான் கொடி கிளம்புகிறது. அந்தப் பளபளப்பின் ஓரத்தை விரல் நுனியால் கிள்ளி இழுத்தால் மேலே இருக்கும் பனிக்குடச் சவ்வு மட்டும் தனியாக உரிந்து வரும். வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரியும். ஒரு ரத்தக்குழாய்கூட இருக்காது. கையுறையில் ஒட்டிக்கொண்டு சுருளும். மற்றபடி எல்லாம் ஆஸ்பத்திரிக் கழிவுக்கான மஞ்சள் பைக்குள் போய் எரிகிறது.

சரி, இனி வம்புக்கு வருவோம். அண்ணன் புண்ணையே எடுத்துக்கொள். சுண்டெலியின் முதுகில் வட்டமாகத் தோலை வெட்டி எடுத்து, செல்லை ஊசியில் ஏற்றி, சில நாளில் மூடிவிட்டது என்று படம் போடுகிறார்கள். சுண்டெலியின் தோலுக்கு அடியில் ஒரு மெல்லிய தசைப்படலம் உண்டு, நமக்கு அது பெரும்பாலும் இல்லை. அந்தப் படலம் சுருங்கி, புண்ணின் ஓரங்களை இழுத்து மூடிவிடும். நமக்கோ அடியிலிருந்து சதை வளர்ந்து, அதன் மேல் தோல் படர வேண்டும். அதனால் விஷயம் தெரிந்தவர்கள் புண்ணைச் சுற்றி ஒரு சிலிக்கோன் வளையத்தைத் தைத்து, சுருங்கவிடாமல் பிடித்துக்கொள்கிறார்கள். வளையம் இல்லாத படத்தைப் பார்த்தாலே என் கை சிவப்புப் பேனாவைத் தேடுகிறது. அதோடு, எலிக்கு மருந்து கொடுத்துச் சர்க்கரையை ஏற்றிச் சில வாரத்தில் சோதனையை முடித்துவிடுகிறார்கள். அண்ணனுக்கு இருபது வருடச் சர்க்கரை, மரத்துப்போன பாதம், ரத்தம் சரியாக ஓடாத கால், போதாததற்குப் பீடி. இளம் எலிக்கு இதில் எது இருக்கிறது?

அளவையும் பார். 25 கிராம் சுண்டெலிக்குப் பத்து லட்சம் செல் கொடுத்தால் கிலோவுக்கு நாலு கோடி ஆகிறது. 60 கிலோ மனிதனுக்கு அதே கணக்கில் 240 கோடி செல் வேண்டும். மனிதர்களிடம் நடக்கும் சோதனைகளில் கிலோவுக்குப் பத்து, இருபது லட்சம் கொடுப்பதுதான் வழக்கம். ரத்தத்தில் ஏற்றும் செல்களில் பெரும்பாலானவை நுரையீரலில் சிக்கி, சில நாளில் காணாமலே போகின்றன. செல் அங்கே போய்ப் புதுத் தோலாக மாறவில்லை, அது சுரக்கும் பொருள்தான் வேலை செய்கிறது என்று இப்போது பலரும் சொல்கிறார்கள்.

குலுக்கல் முறையில் எலிகளைப் பிரித்தார்களா, புண்ணை அளந்தவருக்கு எது எந்தக் குழு என்று தெரியாமல் இருந்ததா என்று பார்க்கவும் பட்டியல் உண்டு. 2014இல் நெதர்லாந்துக்காரர்கள் விலங்கு ஆய்வுக்கென்றே செய்த சிர்க்கிள் பட்டியல்தான் எங்கள் கையில் இருக்கிறது. கேள்விக்கு எதிரே 'தெரியவில்லை' என்று குறித்துக் குறித்தே கை ஓய்ந்துவிடுகிறது.

ஆனால் எனக்கு மண்டை காய்வது இவற்றைவிட வேறு ஒரு எண்ணைத் தேடித்தான். எத்தனை எலி, எத்தனை நாள், எத்தனை லட்சம் செல் என்று எல்லாம் எழுதியிருப்பார்கள். எத்தனை தாய்மாரின் நஞ்சுக்கொடி என்று தேடினால் பல கட்டுரைகளில் கிடைக்காது. ஒரே பெண்ணின் நஞ்சிலிருந்து எடுத்த செல்லைப் பெருக்கி, எல்லா எலிக்கும் அதையே போட்டுவிட்டு, 'நஞ்சுக்கொடிச் செல் புண்ணை ஆற்றுகிறது' என்று தலைப்பு வைக்கிறார்கள். ஒரே மரத்து மாங்காயைப் பத்துக் கூடையில் பிரித்து வைத்து, பத்தும் இனிப்பு, ஆகவே கிருஷ்ணகிரி மாங்காயெல்லாம் இனிப்பு என்று ஒரு வியாபாரி சொன்னால் நீ விடுவாயா? கூடையை எவ்வளவு கூட்டினாலும் மரம் ஒன்றுதானே.

தாய்க்குத் தாய் செல் மாறுகிறது. கர்ப்பகாலச் சர்க்கரை இருந்த பெண்களின் தொப்புள்கொடிச் செல் மெதுவாகப் பெருகுகிறது, சீக்கிரம் கிழடாகிறது என்று காட்டிய ஆய்வே இருக்கிறது. பென்னாகரம் பக்கத்து மலையிலிருந்து ரத்தசோகையோடு வந்து, விடிய விடிய வலி எடுத்துப் பெற்ற பெண்ணின் நஞ்சும், பெங்களூரில் நாள் குறித்து சிசேரியன் செய்துகொண்டவரின் நஞ்சும் ஒரே பொருளா? ஆய்வகங்கள் கிருமி சேராமல் இருக்க சிசேரியன் நஞ்சைத்தான் விரும்புகின்றன. அப்படியானால் முதலாமவர் கணக்கிலேயே இல்லை. அவருடைய வயது, எத்தனையாவது பிரசவம், எத்தனை வாரம் என்று ஒரு வரி எழுத என்ன செலவாகிவிடும்? எலியின் வம்சத்தையும் வயதையும் மட்டும் தவறாமல் எழுதுகிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நஞ்சு தாயும் குழந்தையும் சேர்ந்து கட்டிய உறுப்பு. தாய்ப்பக்கத் துண்டை எடுத்து வளர்த்தால், சில சுற்றுக்குள் தட்டு முழுக்கத் தாயின் செல்லே நிரம்பிவிடலாம். ஆண் குழந்தையின் நஞ்சு என்றால், ஆணின் செல்லில் மட்டும் இருக்கும் ஒய் குரோமோசோம் இருக்கிறதா என்று பார்த்தாலே குட்டு உடைந்துவிடும். அதைக்கூடப் பார்க்காமல் 'கருவின் இளம் செல்' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

தாயத்து செய்தியை நம்பாதே. செல்லை வருடக்கணக்கில் உயிரோடு வைக்கத் திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரி வேண்டும். காய்ந்து உதிர்ந்த கொடியில் உயிருள்ள செல் எங்கே இருக்கும்? பாட்டி அதை வெள்ளித் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கட்டியது பேரன் மேல் இருந்த ஆசையால். அதற்கு விஞ்ஞான சர்டிபிகேட் எதற்கு? மாடு ஈன்றதும் நஞ்சை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டினோமே, அதற்கும் யாராவது ஒரு செய்தி தயார் செய்துகொண்டிருப்பார்கள்.

அண்ணனை 'நஞ்சுக்கொடி ஸ்டெம் செல் ஊசி', அதாவது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்லை ஏற்றும் ஊசி என்று யாராவது கூப்பிட்டால் போகவிடாதே. முறையான அனுமதியோடு நடக்கும் சோதனைக்கு வெளியே அதைப் போடக்கூடாது என்பது ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நெறிமுறை. பனிக்குடச் சவ்வைப் புண்ணின் மேல் கட்டாக வைப்பது வேறு விஷயம். அதற்கு மனிதர்களிடமே செய்த சோதனைகள் உண்டு. ஆனால் முதலில் காலில் ரத்தம் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும், புண்ணில் கனம் விழாமல் செருப்பை மாற்ற வேண்டும். பீடியை நிறுத்தச் சொல்லு, நான் சொன்னதாகவே சொல்லு.

பெரியவள் விஷயம். தொப்புள்கொடி ரத்தம் பொய் இல்லை. 1988இல் பாரிசில் எலியான் குளுக்மனின் குழு, ஃபான்கோனி ரத்தசோகை என்ற பிறவி நோய் இருந்த ஒரு சிறுவனுக்கு அவன் தங்கையின் கொடி ரத்தத்தை ஏற்றியது. கவனி, தங்கையுடையது. பிறவிக் கோளாறு இருக்கும் குழந்தைக்கு அதன் சொந்த ரத்தத்திலும் அதே கோளாறுதான் இருக்கும். தனக்கே பின்னால் உதவும் என்று சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று ஐசிஎம்ஆர் 2017இல் எழுதிவிட்டது. வீட்டில் ஏற்கெனவே இந்தச் சிகிச்சை தேவைப்படும் குழந்தை இருந்தால் மட்டும் கதை வேறு. உங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை. மாப்பிள்ளையிடம் ரத்தம் சேமிக்கச் சொல்லும் அந்த வழவழ விளம்பரப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லு.

அந்த ரத்தம் நிறைய வேண்டுமென்றால் கொடியைச் சீக்கிரம் கவ்வி வெட்டத் தோன்றும். உலக சுகாதார நிறுவனமோ ஒரு நிமிடமாவது பொறுக்கச் சொல்கிறது. அந்த நேரத்தில் குழந்தைக்குள் போகும் ரத்தத்தில்தான் அதற்கு முதல் சில மாதத்துக்கான இரும்புச்சத்து சேருகிறது. பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் இதைப் பெரியவளே கேட்கட்டும். ஏழாம் மாதம் என்று எழுதியிருந்தாய், கடைசியாகப் பார்த்தபோது ஹீமோகுளோபின் எவ்வளவு இருந்தது? இரும்பு மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாளா, வாந்தி வருகிறது என்று நிறுத்திவிட்டாளா? கேட்டு, அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
சென்றாயன்