மாதக் கணக்கு அட்டை எங்களுக்கும் வேண்டும்

கடன் அட்டை வழங்கும் வங்கிகளின் அதிகாரிகளுக்கு,

வணக்கம். காரைக்குடியில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். எங்கள் கடையில் இன்றும் மாதக் கணக்கு நோட்டு உண்டு. மாதம் முழுக்கச் சாமான் வாங்குவார்கள். சம்பளம் வந்ததும் மொத்தத்தையும் தீர்ப்பார்கள். அந்தப் பக்கத்தின் குறுக்கே நான் கோடு போடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சில ஆச்சிகள் படி இறங்குவார்கள்.

1950-இல் நியூயார்க்கில் டைனர்ஸ் கிளப் கொண்டுவந்த அட்டையும் இதே முறைதான். மாதம் முடிந்தால் முழுப் பாக்கியையும் கட்டியாக வேண்டும். சார்ஜ் கார்டு என்பார்கள். அதை எங்களைப் போன்றவர்களுக்கும் கொடுங்கள்.

என் தம்பி மகன் தீபாவளிக்கு அட்டையில் 48,000 ரூபாய்க்கு ஃப்ரிட்ஜும் துணிமணியும் வாங்கினான். விண்ணப்பத்தை நிரப்பிய முகவர், கணக்கிலிருந்து தானாகப் பணம் பிடிக்கும் இடத்தில் 'குறைந்தபட்சத் தொகை' என்ற கட்டத்தை டிக் செய்துவிட்டார். பிடித்தது 2,400. மீதி 45,600-க்கு மாதம் 3.5 சதவீதம் என்றால் வட்டி 1,596, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 287. அடுத்த மாதமும் 2,400 கட்டினால் அசலில் கழிவது வெறும் 517 ரூபாய்! பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா நாள்கள் கிடையாது. ஏழு மாதம் கழித்துத்தான் பில்லோடு என்னிடம் வந்தான். பையனுக்குப் பேச்சே வரவில்லை.

குறைந்தபட்சம் மட்டும் கட்டினால் கடன் வருடக்கணக்கில் இழுக்கும் என்று எச்சரிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022 உத்தரவு. அவன் பில்லிலும் அது இருந்தது, ஆங்கிலத்தில், பொடி எழுத்தில்.

வட்டி எங்கள் ஊருக்குப் புதிதல்ல. 1937-இல் சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது சென்னை, ரங்கூனோடு காரைக்குடியிலும் ஒரே நாளில் கிளை திறந்தார். கடன் என்று தெரிந்தே வாங்குகிறவரிடம் வட்டி வாங்குங்கள், அது நியாயம். மாதச் செலவுக்கு அட்டை தேய்க்கிறவரைக் கடன்காரர் ஆக்காதீர்கள்.

20,000 ரூபாய் வரம்பு போதும். ஆண்டுக் கட்டணம் எங்களால் தாங்கும் அளவில் இருக்கட்டும். கெடு தவறினால் தண்டம் போடுங்கள், அட்டையை நிறுத்துங்கள். சரி என்று ஒத்துக்கொள்கிறோம். அப்புறம், அந்த அட்டை வரும்வரை, இப்போதுள்ள விண்ணப்பத்தில் 'முழுத் தொகை' கட்டத்தை முதலில் வையுங்கள். பில்லைத் தமிழில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
காரைக்குடி மளிகைக் கடைக்காரர் ஒருவர்